ராத்திரி முழுக்க ஓடும் மெஷின்

பிப்ரவரி 6

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? இருமல் ஏதும் இல்லையே? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? மறக்காமல் எழுது.

ஒரு சேதி. பட்டறையை விற்றுவிட்டோம். கல் அறுக்கிற மெஷின், பாலிஷ் மெஷின், பின்கட்டில் சாய்த்து வைத்திருந்த பலகைக் கற்கள், எல்லாம் போயாயிற்று. பாதி ஊருக்குச் சமையல் மேடை போட்டுக் கொடுத்தாயிற்று, போதும் என்று தோன்றிவிட்டது. பதிலுக்கு ஒரு வண்டி வாங்கியிருக்கிறோம். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். மோட்டார் ஹோம் என்கிறார்கள். வெயில் காலம் வந்ததும் கிளம்பி, கால் போன போக்கில் சுற்றப் போகிறோம்.

வண்டி பழசு. இஞ்சின் பரவாயில்லை. உள்ளே லைட்டுக்கும் விசிறிக்கும் தண்ணீர் பம்புக்கும் என்று தனியாக இருந்த இரண்டு பேட்டரியும் செத்துவிட்டன. கடைக்காரர் லித்தியம் போடச் சொல்கிறார். கனம் குறைவாம், நாள்பட உழைக்குமாம். அத்தான் தானே மாட்டுகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். கல்லை மயிரிழை பிசகாமல் அறுப்பார். ஆனால் பல்பு மாற்றுவதற்கே ரப்பர் செருப்பு தேடுகிற ஆள் என்று உனக்குத் தெரியும். நீ படகுகளுக்கு இதே வேலையைத்தானே செய்கிறாய்? எப்படி மாட்டுவது என்று தெளிவாக எழுது. போன் வேண்டாம். போனில் நீ பாடம் எடுப்பாய், எனக்குக் கோபம் வரும். கடிதம் என்றால் அத்தான் வண்டிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்வார்.

நீ இதற்காக வர வேண்டியதில்லை. உனக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கல்லு மாதிரி இருக்கிறேன். இருமலாவது கிருமலாவது. நீயும் அத்தானும் சுகம்தானே?

பட்டறையை விற்றுவிட்டீர்களா! நான் நாலு வருஷம் தலை முதல் கால் வரை தூசி பூசிக்கொண்டு வெள்ளைப் பிசாசு மாதிரி நின்ற இடம். சொல்லியிருந்தால் கடைசியாக ஒரு தடவை வந்து பார்த்திருப்பேன். போகட்டும். வண்டி வாங்கியது எனக்குக் கொள்ளை சந்தோஷம்.

அந்தப் பேட்டரியில் எதெல்லாம் ஓடப்போகிறது, எவ்வளவு நேரம் ஓடும் என்று முதலில் எழுது. லைட், விசிறி, பம்பு, ஒரு சின்ன ஃபிரிட்ஜ், அவ்வளவுதான் என்றால் நூறு ஆம்பியர் பேட்டரி ஒன்றே தாராளம். கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் பெரியதை வாங்கி அடைத்துக்கொள்ளாதே.

இனி அத்தானுக்கு. பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பும் வயரில் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். ஃபியூஸ் வயரைக் காப்பாற்றுவதற்கு. வயர் எங்காவது உரசித் தோல் உரிந்து வண்டித் தகரத்தைத் தொட்டால், லித்தியம் பேட்டரி இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடும். கம்பி பழுக்கக் காய்ந்துவிடும். உங்கள் கட்டிலுக்கு அடியில் பழுத்த கம்பி இருந்தால் எப்படி இருக்கும்? தகரத்தில் ஓட்டை போட்டு வயரை விட்டால், அந்த ஓட்டைக்கு ரப்பர் வளையம் கட்டாயம். பழைய சார்ஜரைக் கழற்றிப் போட்டுவிடுங்கள், அது பழைய வகைப் பேட்டரிக்கானது. இஞ்சினிலிருந்தும் நேராக வயர் இழுக்காதீர்கள். லித்தியம் அகோரப் பசிக்காரன், இஞ்சினின் டைனமோவை உறிஞ்சியே சூடாக்கிவிடும். நடுவில், மின்சாரத்தை அளந்து விடுகிற டிசி-டிசி சார்ஜர் என்று ஒன்று வைக்க வேண்டும். கடையில் கேட்டால் கிடைக்கும்.

வேலை தொடங்கும் முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். ஸ்பேனர் பிடியில் டேப் சுற்றுங்கள்.

அன்பும் அதிகப்பிரசங்கித்தனமும் குறையாத உன் தங்கை,
வாலு


பிப்ரவரி 28

அன்புள்ள வாலுக்கு,

நலம். நீ நலமா? கல்லு மாதிரி என்று எழுதினாயே தவிர, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அத்தான் மோதிரத்தைக் கழற்றினார். டேப் மட்டும் சுற்றவில்லை. “டேப் சுத்தினா பிடி வழுக்கும், நான் பாக்காத ஸ்பேனரா?” என்றார். முதலில் இஞ்சின் பேட்டரி வயரைக் கழற்றப் போனார், அந்த ஸ்பேனர் கை நழுவி அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தது. பளீரென்று ஒரு வெளிச்சம். அடுத்த நொடி அத்தான் வண்டிக்கு வெளியே நின்றார். எந்த வழியாக வெளியே போனார் என்று அவருக்கே தெரியவில்லை. கை கால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஸ்பேனரில் மட்டும் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம். இப்போது வீட்டில் இருக்கும் எல்லாச் சாமானுக்கும் டேப் சுற்றிக்கொண்டிருக்கிறார். காலையில் பார்த்தால் கரண்டிக்கும் சுற்றியிருக்கிறது.

ஒரு பேட்டரி போதாது என்று நினைக்கிறேன். இருநூறு ஆம்பியரில் இரண்டு வாங்கட்டுமா? ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடுகிற சாமான் ஒன்று இருக்கிறது. முந்நூறு வாட் என்று முதுகில் போட்டிருக்கிறது. ஃபிரிட்ஜ் மாதிரிதான் என்று வைத்துக்கொள். அத்தானுக்குத் தண்ணீர் ஜில்லென்று இருக்க வேண்டுமே. இரண்டு பேட்டரியை எப்படிச் சேர்ப்பது என்று மட்டும் எழுது.

பாசத்துடன்,
அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கவெல்லாம் இன்று பொறுமை இல்லை. ஸ்பேனர் கதையைச் சிரிப்பாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் படகுத் துறையில் ஒருவர் இப்படித்தான் கை முழுக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். தயவுசெய்து அத்தானை ஒரு முனையில் வேலை செய்யும்போது இன்னொரு முனையை ரப்பர் மூடி போட்டு மூடச் சொல்.

இரண்டு பேட்டரி சேர்ப்பதாக இருந்தால், ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கியது. இரண்டையும் தனித்தனியாக முழுசாக சார்ஜ் செய்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நிறைந்தது காலியானதற்குள் பாய்ந்து கொட்டும். பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ். வெளியே போகும் பாசிட்டிவ் வயரை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவை இரண்டாவதிலிருந்தும் எடுங்கள். அப்போதுதான் இரண்டும் சமமாக உழைக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். வயர் முனையில் போடும் செம்பு மூக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்கக் கூடாது, அதற்கென்று இருக்கிற பெரிய இடுக்கியால் அழுத்த வேண்டும். உறைபனி விழும் காலையில் சார்ஜ் ஏற்றக் கூடாது.

சரி, அந்தச் சாமான் என்ன? முந்நூறு வாட் இழுக்கிற ஃபிரிட்ஜ் என்றால் அதற்குள் யானையைத்தான் வைத்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். மூச்சு விடாமல் ராத்திரி முழுக்க ஓடாது. ஹீட்டரா? அதற்குப் பேட்டரி கட்டாது. என்னவென்று தெரிந்தால்தான் வயர் பருமன் சொல்ல முடியும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
வாலு


ஏப்ரல் 2

அன்புள்ள வாலுக்கு,

உடனே பதில் போட முடியவில்லை, கோபிக்காதே. கொஞ்சம் வெளிவேலை. நாங்கள் நலம்.

அது காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின். அத்தானுக்கு விடிந்தால் அடுக்குத் தும்மல். அது ஓடினால் நிம்மதியாகத் தூங்குகிறார். சாதாரண வீட்டு பிளக்கில் ஓடுகிறது, அதனால் இன்வெர்ட்டர் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். வண்டியில் அதை வைக்க அடுப்புக்குப் பக்கத்தில், கட்டில் தலைமாட்டில்தான் இடம் இருக்கிறது. அங்கே ஒரு பிளக் வந்தால் போதும்.

பேட்டரி வந்துவிட்டது. இரண்டையும் கட்டிலுக்கு அடியில் சட்டம் அடித்து, அசையாமல் பெல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார். சட்டம் அடிப்பதில் உன் அத்தானை யாரும் குறை சொல்ல முடியாது.

நீ உன் உடம்பைப் பற்றி எழுதவே இல்லை. ஒரு தடவை டாக்டரிடம் போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தால்தான் என்ன? உன் வயசில் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துவிட்டு எனக்கு எழுது. இதை மட்டும் செய்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரே பக்கத்தில் இரண்டு நிற மை. எழுத்து நடுநடுவே படுத்துவிட்டு எழுந்திருக்கிறது. ஒரே மூச்சில் நாலு பக்கம் எழுதித் தள்ளுகிறவள் நீ.

வயரிங்கை மாற்றி யோசித்திருக்கிறேன். புதுப் படம் இத்துடன் இருக்கிறது. அந்த மெஷினுக்குத் தனி இன்வெர்ட்டர், தனி லைன், தனி ஃபியூஸ். லைட்டோ பம்போ கெட்டுப்போய் ஃபியூஸ் போனாலும் மெஷின் ஓட வேண்டும். பழைய பேட்டரி தீரும்போது லைட் மங்கும், நமக்குத் தெரியும். லித்தியம் அப்படி இல்லை. கடைசி வரை பளிச்சென்று இருந்துவிட்டு, உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் சட்டென்று கதவைச் சாத்திவிடும். அதற்கு ரொம்ப முன்னாலேயே கத்துகிற மாதிரி ஒரு அலாரம் வைக்கிறோம். அது கட்டில் தலைமாட்டில் இருக்க வேண்டும். அத்தான் படுக்கும் பக்கம்.

மெஷினை அடுப்புப் பக்கம் வைக்காதே. கட்டிலுக்கு மறுபுறம், ஜன்னலோரம் வை. பின்புறம் காற்றோட்டம் இருக்கட்டும். அது ஓடும்போது உள்ளே அடுப்புப் பற்றவைக்காதே, மெழுகுவர்த்தி கூட வேண்டாம். காற்றைச் சுத்தம் செய்யும் மெஷினுக்கு எதற்கு இவ்வளவு என்று நீ கேட்கலாம். கேட்காதே அக்கா.

சமையலுக்கு வெளியே ஒரு மேஜை போட்டுக்கொள்ளலாம்.

நான் வரட்டுமா?

வாலு


ஏப்ரல் 20

அன்புள்ள வாலுக்கு,

அத்தான் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். நான் எழுதுவது உன் அக்காவுக்குத் தெரியாது.

உன் கடிதத்தை அவள்தான் வாசித்தாள். அடுப்பு என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “அடுப்ப வெளிய எடுத்துடுங்க” என்றாள்.

உனக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைத்து என்ன? அது ஆக்ஸிஜன் மெஷின், பக்கத்தில் நெருப்பு ஆகாது. கல் தூசி அவள் நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். போன வருஷமே தெரியும். குறையாது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ராத்திரிக்குக் கட்டாயம் மெஷின் வேண்டும். பகலிலும் சில நாள் தேவைப்படுகிறது. பட்டறையை அதனால்தான் விற்றோம். போனில் பேசினால் பாதி வாக்கியத்தில் மூச்சு நிற்கும், நீ கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நான் ஒருநாள் கேட்டேன், “அவகிட்ட சொன்னா என்ன? நம்ம பிள்ளை மாதிரிதானே அவ?” என்று. அவள் அழுதுவிட்டாள். “அவளும் நாலு வருஷம் அதே தூசியில நின்னாளே. நான்தானே கூட்டிட்டு வந்து நிறுத்துனேன். எனக்கு இதுன்னு தெரிஞ்சா, அவ ராத்திரியில தூங்குவாளா?” என்றாள். உன் இருமலைப் பற்றி அவள் ஏன் விடாமல் கேட்கிறாள் என்று இப்போது புரிகிறதா? என் நெஞ்சைப் படம் எடுத்தார்கள், பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு இருந்து அவளுக்கு இல்லாமல் போயிருக்கலாம் என்று தோன்றுகிறது.

வயரிங் முடிந்தது. ஆனால் இன்வெர்ட்டர் ஓடும்போது ஒரு முனையில் கை வைத்தால் சுடுகிறது. உன் இடுக்கி மாதிரி இங்கே கிடைக்கவில்லை, சுத்தியலால்தான் தட்டினேன். இதையும் உனக்குச் சொல்லக் கூடாது என்கிறாள், நீ கிளம்பி வந்துவிடுவாயாம்.

என் பேரைச் சொல்லாமல் ஏதாவது செய்.

உன் அத்தான்


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் எனக்கு எழுதியது உனக்குத் தெரியக் கூடாது என்பது அத்தானின் ஏற்பாடு. எனக்கு அப்படி நடிக்கத் தெரியாது. அவர் கடிதம் நேற்றுதான் என் கைக்கு வந்தது. அவரைத் திட்டாதே. சுடுகிற முனையை அவர் மறைத்திருந்தால்தான் நான் திட்டியிருப்பேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் இன்வெர்ட்டரை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். நான் வரும்வரை மெஷின் வீட்டுச் சுவர் பிளக்கிலேயே ஓடட்டும்.

நீ சொன்னபடி படம் எடுத்தேன். அதோடு ஸ்கேனும் எடுத்தார்கள். முடிவு வரும்வரை உனக்கு எழுத வேண்டாம் என்று இருந்தேன். எனக்கும் உன் புத்திதானே. நேற்று டாக்டர் கூப்பிட்டார்.

“கல் வேலை பாத்திருக்கீங்களா?”

“சின்ன வயசுல. நாலு வருஷம்.”

“ரெண்டு சின்னப் புள்ளி இருக்கு. பழசு. வளர்ற மாதிரி தெரியல. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க. மத்தபடி நல்லா இருக்கீங்க.”

ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கலாம். உனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் நான் பொய் எழுதினால் நீயும் பொய்தான் எழுதுவாய், இரண்டு பேரும் காகிதத்தில் நலமாக இருப்போம். இருப்பதை எழுதிவிட்டேன். மூன்று மாடி ஏறிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மூச்சு வாங்கவில்லை.

என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாய் என்று அழுதாயாம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நம்மிடம் என்ன இருந்தது, அக்கா? உன் கையும் அத்தான் கையும் இருந்தது. பட்டறையில் நின்றதால் சாப்பிட்டேன், சாப்பிட்டதால் படித்தேன், இந்த வேலைக்கு வந்தேன். தண்ணீர் ஊற்றி அறுக்க வேண்டும், முகமூடி வேண்டும் என்று அன்றைக்கு நம்மிடம் யார் சொன்னார்கள்? உன்மேல் எனக்கு வருத்தம் ஒன்றே ஒன்றுதான். ஒரு வருஷம் தனியாகச் சுமந்தாய்.

சனிக்கிழமை வருகிறேன். இடுக்கி, வயர், செம்பு மூக்கு எல்லாம் என்னிடம் இருக்கிறது. வர வேண்டாம் என்று நீ எழுதினாலும் அந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் நான் பஸ் ஏறியிருப்பேன்.

உன்,
வாலு


ஜூன் 19

அன்புள்ள வாலுக்கு,

ஏரிக்கரையிலிருந்து எழுதுகிறேன். உன் அத்தான் நலம். நான் எப்படி இருக்கிறேன் என்றால், காலையில் நன்றாக இருந்தேன், மத்தியானம் கொஞ்சம் திணறியது, இப்போது பரவாயில்லை. பார், இருப்பதை எழுதிவிட்டேன்.

நீ கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, அத்தான் தட்டிய மூக்கையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி எறிந்ததை அவர் இன்னும் மறக்கவில்லை. “ஒண்ணையாவது விட்டு வச்சிருக்கலாம்” என்கிறார். ஆனால் தினமும் காலையில் முனைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஜில்லுனு இருக்கு” என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகிறார்.

இங்கே வந்ததிலிருந்து ஒரே மேகம். வண்டியை நிறுத்தியே வைத்திருந்தோம். கூரையில் இருக்கும் சோலார் தகடு பெயருக்குத்தான் இருந்தது. நேற்று சாயங்காலம் நான் மெஷினோடு படுத்திருந்தபோது உன் அலாரம் கத்தியது. அப்படி ஒரு கத்தல், கரையில் இருந்த வாத்தெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் ஓடிவந்து, அவசரத்துக்கு என்று வைத்திருக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டரை என் பக்கத்தில் இழுத்து வைத்துவிட்டு, இஞ்சினைப் போட்டார். பேட்டரியில் ஏறுகிறது என்று நீ மாட்டிய சார்ஜர் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மெஷின் ஒரு நொடிகூட நிற்கவில்லை. வாலு, வீட்டில் சுவர் பிளக்குக்குப் பக்கத்திலேயே படுத்து மீதிக் காலத்தை ஓட்டிவிட வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன். உன்னிடம்கூட இதைச் சொன்னதில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வண்டி அம்மா வந்துவிட்டார். நான் மூக்கில் குழாயோடு இருந்தேன். யாராவது வந்தால் கழற்றிவிட்டுத்தான் பேசுவேன், உனக்கே தெரியும், நீ வந்த அன்றுகூடக் கழற்றினேன். நேற்று கழற்ற நேரமில்லை.

“மூச்சுக்கா?” என்று கேட்டார்.

“ஆமா. கல்லு அறுத்தேன். தூசி.”

“வெளிய வந்து உக்காருங்களேன். உள்ள ஒரே புழுக்கமா இருக்கு.”

அத்தான் குழாயை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டார். நாற்காலி போட்டு வெளியே உட்கார்ந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

அந்த அம்மா இன்று தன் வண்டியைக் காட்டினார். அவர் வீட்டுக்காரர் தானே வயரிங் செய்திருக்கிறாராம். நான் படி ஏறவில்லை, வாசலில் நின்றே பார்த்தேன். பேட்டரி வெறுமனே தரையில் கிடக்கிறது. வயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். “ஃபியூஸ் எங்க?” என்று கேட்டேன். “ஃபியூஸ் போடணுமா?” என்றார் அந்த மனுஷன். எனக்கு வந்ததே கோபம். மூச்சு இடம் கொடுக்கும் வரை அவருக்குப் பாடம் எடுத்தேன். மீதியை அத்தான் எடுத்தார். “உங்களுக்கு இதெல்லாம் யாரு பண்ணிக் குடுத்தது?” என்று கேட்டார்கள். “என் மச்சினி. படகுக்கெல்லாம் பண்றவ” என்று அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

நீ வந்து அவர்கள் வண்டியைச் சரிசெய்து தருவாய் என்று உன்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் இந்த மாதம் முழுக்க இங்கேதான் இருப்பார்கள். அவர்களுக்காக என்று எழுதினால் அதுவும் பாதிப் பொய். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். வேலை முடிந்தாலும் நீ நாலு நாள் தங்க வேண்டும். கட்டிலில் எனக்குப் பக்கத்தில் உனக்கு இடம் இருக்கிறது, அத்தான் முன் சீட்டில் படுத்துக்கொள்வார், அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்திலிருந்து தண்ணீர் தெரியும் பக்கமாக நடந்து வா. கரையில் மூன்றாவது வண்டி. நான் வெளியேதான் உட்கார்ந்திருப்பேன்.

வழி பார்த்திருக்கும்,
அக்கா